பரிதியைக் காத்த தலைவர்

மலேசியாவின் கிள்ளானில் எந்தத் தமிழ்ச் சங்கம் தொடங்கினாலும் அதில் ரெங்கசாமி இருப்பார். ஆனால் எங்கும் செயலவை உறுப்பினர்தான். செயலவை உறுப்பினர் என்றால், கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போடுபவர், கூட்டம் முடிந்ததும் அதே நாற்காலியை அடுக்கி வைப்பவர் என்று அர்த்தம். யார் யாருக்கோ போர்த்த வேண்டிய பொன்னாடைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு மேடை ஓரம் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஒரு தடவையாவது தன் தோளில் ஒரு பொன்னாடை விழ வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவரைவிட லாயக்கில்லாதவர்களெல்லாம் போர்த்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு வழி திறந்துவிட்டவன் பரிதி. ஞாயிறு பத்திரிகைத் தொடர்கதையின் நாயகன். லோரி ஓட்டுவான், அநியாயம் கண்டால் பொங்குவான். எழுதுகிறவர் காஜாங்கில் இருக்கும் ஆசிரியை விஷ்ணுப்ரியா. ரெங்கசாமி அந்தக் கதையில் ஒரு வரிகூடத் தானாகப் படித்தவரில்லை. அவர் மனைவி நல்லம்மாள்தான் ஞாயிறு காலையில் கோப்பியோடு உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். பரிதிக்கு இருமல் என்றால் இவளுக்குத் தொண்டை கமறும்.

ஒரு ஞாயிறு, வில்லனின் ஆட்கள் பரிதியின் லோரியை இடித்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். அவன் ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்தான்.

"ஐயோ, அந்த டீச்சரம்மா என் புள்ளைய கொன்னுடும் போலிருக்கே!" என்று நல்லம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

ரெங்கசாமிக்குப் பொறி தட்டியது. ஒருவருக்கு ஆபத்து என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? இயக்கம் தொடங்குவார்கள், பேனர் அடிப்பார்கள், போலீசில் புகார் கொடுப்பார்கள். மூன்றையும் அவரே செய்தார். 'பரிதி பாதுகாப்பு இயக்கம்' பிறந்தது. தலைவர் ரெங்கசாமி. துணைத் தலைவர் பழைய பஸ் கூட்டாளி திருச்செல்வம். நாற்காலி போட இப்போது வேறு ஆட்கள் இருந்தார்கள்.

பேனரில்தான் ஒரு சிக்கல். 'பரிதியைக் காப்பாற்றுவோம்' என்று பெரிதாகப் போட்டாயிற்று, ஆனால் பரிதிக்குப் படம் ஏது? வெறும் பேனரும் அழகில்லை. தலைவர் பெருந்தன்மையோடு தன் படத்தையே கொடுத்தார், முறுக்கிய மீசையோடு. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

"யார கொல்லப் பாக்குறாங்க, அங்கிள்?" என்று கேட்டார் தமிழ் சார்ஜன்.

"பரிதிய. கதையில."

சார்ஜன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "அப்ப அவரே வந்து புகார் கொடுக்கலாமே?"

"எப்படிலா வருவாரு? ஐசியூல இருக்காரு!"

பேனர் படம் வாட்ஸ்அப்பில் பறந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து ரெங்கசாமியின் தங்கை ஒப்பாரியோடு போன் செய்தாள், அண்ணனுக்கு யாரால் ஆபத்து என்று. பூச்சோங் கோயிலில் யாரோ அவர் பேருக்கு அர்ச்சனையே செய்துவிட்டார்கள். ஊரே பேசியது. ஆள் சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஞாயிறு மாலை இயக்கத்தின் முதல் பொதுக்கூட்டம் என்று முடிவானது. சட்டமன்ற உறுப்பினர் வருகிறார். தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்.

"பரிதி நல்லா ஆனதும் நம்ம கடைய மூடிடலாம், தலைவரே," என்றார் திருச்செல்வம் வெள்ளந்தியாக. ரெங்கசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு விஷ்ணுப்ரியாவே போன் செய்தார். "அங்கிள், உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். இந்த வாரம் பரிதி கண்ணு முழிச்சு வீட்டுக்குப் போறாரு."

தலைவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவரோ சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். ஞாயிறு காலையில் பரிதி வீட்டுக்குப் போய்விட்டால் மாலையில் யாரைப் பாதுகாக்க இயக்கம்? எதற்குத் தலைவர்? எதற்குப் பொன்னாடை? சமையலறையில் நல்லம்மாள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அவ்வளவு அவசரம் வேணாமே. கூட்டம் முடியிற வரைக்கும் ஐசியூலயே இருக்கட்டும்லா."

"சாகவும் கூடாது, எழுந்திரிக்கவும் கூடாதா, அங்கிள்?"

"ஆமாம்மா. பத்திரமா படுத்திருக்கட்டும்."

"சரி, பாக்குறேன்," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. மாலைக்கான பட்டுச் சட்டை தேய்த்து மாட்டியிருந்தது. நல்லம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"பரிதி கண் விழித்தான். உடம்பு தேறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் ஐசியூ கதவை மறித்துக்கொண்டு முறுக்கு மீசைத் தலைவர் ஒருவர் நின்றார். 'என் கூட்டம் முடியட்டும், டாக்டர். அதுவரை இவன் படுத்திருக்க வேண்டும்' என்றார்."

நல்லம்மாள் நிறுத்தினாள். "யாருங்க இது, புதுசா வந்திருக்கான்?"

ரெங்கசாமி கொதிக்கிற கோப்பியை அப்படியே விழுங்கினார். நாக்கு வெந்தது.

அவள் தொடர்ந்து படித்தாள். "பரிதி தள்ளாடி நடந்து வந்து அந்தத் தலைவர் முன் கை கூப்பினான். 'அங்கிள், அம்மா சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போகலாமா?'"

அதோடு அந்த வாரம் முடிந்திருந்தது. நல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவி! ஒரு தாய்கிட்ட புள்ள போறத தடுக்கிறானே. இவனெல்லாம் ஒரு மனுஷனாங்க?"

ரெங்கசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிரே மாட்டியிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆளு கெட்டவன் இல்ல, நல்லம்மா. அடுத்த வாரம் விட்டுடுவான்."