பூவரசம் பிடி போட்ட கத்தி

எங்கள் அத்தை வேட்டைக் கத்தி செய்கிறவள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அதில் நியாயம் இருந்தது. குடவாசலைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். எலியையும் கொக்கையும் விட்டால் இங்கே வேட்டையாட என்ன இருக்கிறது? எனக்கே அந்தக் குழப்பம் உண்டு. அத்தையிடம் கேட்டால், "இங்க யாரு வாங்கப் போறா? மான் வேட்டைக்குப் போற வெளிநாட்டுலேர்ந்து கேக்குறாங்க, அனுப்புறேன்" என்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது பிடிக்காமல் ஊருக்குத் திரும்பியவள். டிராக்டர் கொட்டகையின் ஒரு மூலையில் சாணை இயந்திரத்தைப் போட்டுக்கொண்டாள். கத்திக்கான இரும்புப் பட்டை பார்சலில் வரும். பிடிக்கு, வாய்க்கால் கரையில் புயலில் சாய்ந்த பூவரச மரம். கிளை பிரிகிற கவட்டையை அறுத்தால் உள்ளே கருஞ்சிவப்பில் அலையலையாக வரி ஓடும். இழைத்து எண்ணெய் பூசினால் அந்த வரிகள் நகர்வதுபோல இருக்கும்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அத்தையைப் பெண் பார்க்கக் குத்தாலத்திலிருந்து வந்தார்கள். முதல் நாளே அப்பா கொட்டகையைப் பூட்டிவிட்டார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய், "கத்தி கித்தின்னு வாயத் தொறந்த, அவ்வளவுதான். அத்தை வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறாங்க. புரியுதா?" என்றாள்.

காலையில் தலையில் பூ வைத்துக்கொண்டே அத்தை என் காதில் வேறு சொன்னாள். "மாப்பிள்ளையோட அம்மா காபி குடிச்சு முடிச்சதும், என் பீரோ மேல்தட்டுல ஒரு கத்தி இருக்கு. உறையோட எடுத்தாந்து அவங்க கையில குடு."

"அம்மா அடிப்பாங்களே?"

"நான் பாத்துக்குறேன்."

ஒரே வீட்டில் இரண்டு உத்தரவு. எதை மீறினாலும் முதுகு என்னுடையது. கடைசியாகச் சொன்னது அத்தை என்பதால் அதையே செய்தேன்.

கம்ப்யூட்டர் வேலையில் எவ்வளவு நிம்மதி என்று அப்பா விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் போய் மாப்பிள்ளையின் அம்மா மடியில் கத்தியை வைத்தேன். அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"நான் செஞ்சதுங்க. இதுதான் என் வேலை. மான் உரிக்கிற கத்தி" என்றாள் அத்தை, குனிந்த தலை நிமிராமல். மாப்பிள்ளை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அந்த அம்மா உறையிலிருந்து கத்தியை உருவினார். பிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்தே ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்கினார்.

"என்னா பதம்! பிடி பூவரசா?"

"ஆமாங்க. கவட்டை."

"எங்க வீட்டுக் கொல்லையில கூட ஒண்ணு நின்னுச்சு. இப்படி இருக்கும்னு தெரியாம வெட்டி அடுப்புல வச்சோம்." எல்லோர் கையிலும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு, மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு" என்றார்.

வீடே சிரித்தது. அத்தை மட்டும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் தப்பா செஞ்சுட்டேனா அத்தை?"

"நீ சரியாத்தான் செஞ்ச. பயந்து எழுந்து ஓடுவாங்கன்னு நெனச்சேன். அந்தம்மாதான் சொதப்பிட்டாங்க." கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் சிரித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் கொட்டகைக்குள் நின்று அந்த அம்மாவுக்கு அவளே போன் செய்தாள். "உங்க பையன் மேல ஒரு குறையும் இல்லங்க. எனக்குக் கல்யாணமே வேணாம். வீட்ல சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டேங்குறாங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன்." அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாளில் குத்தாலத்திலிருந்து தகவல் வந்தது: ஜாதகம் சரியில்லையாம். "பொருத்தம் பாத்துட்டுத்தான வந்தாங்க?" என்று அப்பா ஊரெல்லாம் கேட்டார். போனில் பேசியதைக் கேட்டிருந்த எனக்கோ, அந்த அம்மா எதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று புரியவில்லை.

அறுவடை முடிந்து ஒருநாள் அந்த அம்மா தனியாகப் பஸ்ஸில் வந்தார். அப்பா பரபரத்துப்போய்ச் சட்டை மாட்டுவதற்குள் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார். அத்தை அவருக்கென்று சமையலுக்கு ஒரு சின்னக் கத்தி செய்துவைத்திருந்தாள். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் மரத்தூளில் உட்கார்ந்து பேசினார்கள். அத்தை அப்படிச் சத்தமாகச் சிரித்து எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு நானும் அத்தையும் திரும்பி நடந்தோம். அன்றைக்கு அந்த அம்மா மட்டும் தனியாக வந்து கூப்பிட்டிருந்தால் அத்தை மறுபேச்சில்லாமல் போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை என்று ஒருவரையும் எதற்காகக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.