ரிட்டர்னில் வந்த சீர் கிரைண்டர்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. அதில் நானும் என் கணவரும் டேபிள் டாப் கிரைண்டர் பூட்டி, ஆன்லைனில் விற்கிறோம். மோட்டாரை ஓரிடத்தில், டிரம்மை ஓரிடத்தில், கல்லை ஓரிடத்தில் வாங்கி வந்து பூட்டி, ஓட்டிப் பார்த்து, அட்டைப்பெட்டியில் அடைப்பது அவர் வேலை. படம் ஏற்றுவது, ஆர்டர் பார்ப்பது, கூரியர்காரரோடு மல்லுக்கட்டுவது, வாங்கியவர்கள் எழுதுவதைப் படித்துப் பல்லைக் கடிப்பது எல்லாம் என் வேலை.

கடையில் விற்றால், பிடிக்காத பொருளைத் திருப்பித் தர ஆள் நேரில் வருவார். அவர் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிடும். ஆன்லைனில் பெட்டி மட்டும்தான் வரும். அதற்குத்தான் நாங்கள் விற்கும் தளத்தில் 'விற்பனையாளர் பாதுகாப்பு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். திரும்பி வரும் பொருள் உடைந்தோ மாறியோ வந்தால், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, சொன்ன நாளுக்குள் அனுப்ப வேண்டும். நஷ்டத்தை அவர்கள் ஈடுகட்டுவார்கள். படிக்கும்போது மனதுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. அதுவரை எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

பெருந்துறைக்கு அனுப்பிய இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று பத்தே நாளில் ரிட்டர்ன் என்று காட்டியது. காரணம், 'கல் சுற்றவே இல்லை.' கூடவே ஒற்றை நட்சத்திரம். என் கணவர் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

"அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துத்தான் அம்மணி பெட்டில போட்டேன். சுத்தலைன்னா எப்படி?"

பெட்டி வந்தது. அவர் செல்போனைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தியை எடுத்தேன். அவர் கல்யாண வீடியோக்காரர் மாதிரி என் முகத்தில் ஆரம்பித்து, மெதுவாகக் கீழே இறங்கினார்.

"பெட்டிய எடுங்க. என்னைய எதுக்குங்க எடுக்கறீங்க?"

"யாரு பிரிச்சாங்கன்னு தெரிய வேண்டாமா?"

டேப்பை அறுத்து மூடியைத் திறந்தேன். உள்ளே, எங்கள் பெட்டியில், எங்கள் தெர்மாகோலுக்கு நடுவில், யாருடைய கிரைண்டரோ உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம் வெளுத்துப் போயிருந்தது. கால் ஒன்றைக் காணோம். பெல்ட் அறுந்து தொங்கியது. டிரம்மின் அடியில் என்றைக்கோ ஆட்டிய மாவு காய்ந்து கல்லாகியிருந்தது. டிரம்மின் விளிம்பில், பாத்திரக்கடையில் பேர் வெட்டுவார்களே, அந்தப் புள்ளி எழுத்தில், 'அக்காவுக்குத் தம்பியின் சீர்' என்று வெட்டி, ஊர்ப் பெயரும் வருஷமும் போட்டிருந்தது.

வீடியோவில் அந்த இடத்தில் என் கணவரின் குரல் கேட்கும்: "இது நம்முளுது இல்லையே அம்மணி."

அன்றே விண்ணப்பித்தேன். அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. பொருள் மாறியிருக்கிறது, சேதமடைந்திருக்கிறது, உபயோகித்திருக்கிறார்கள், பாகம் குறைகிறது. எங்களுக்கு வந்ததோ நான்குமே. ஆனால் ஒன்றைத்தான் தொட முடியும். 'மாறியிருக்கிறது' என்பதைத் தொட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: படத்தில் இருப்பது சேதமடைந்த பொருள், ஆகவே சேதம் என்ற பிரிவில் விண்ணப்பிக்கவும். சரி என்று அப்படியே செய்தேன். அதற்கும் பதில் வந்தது: படத்தில் இருப்பது நீங்கள் விற்ற பொருள் அல்ல, ஆகவே அதன் சேதத்தை மதிப்பிட இயலாது.

இரண்டையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டுமே சரியாத்தான் சொல்லியிருக்கறாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். பாடப்புத்தகத் தமிழில் பேசினான்.

"மேடம், அது தங்கள் தயாரிப்பு அல்ல என்பதற்கு ஆதாரம் உள்ளதா?"

"அதுல தம்பி சீர்னு பேரு வெட்டியிருக்குதுங்க. நாங்க யாருக்கும் தம்பி இல்லீங்க."

"அதைப் படமெடுத்து மேல்முறையீடு செய்யுங்கள் மேடம்."

செய்தேன். டிரம்மில் இருந்த வருஷத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டேன். கீழே, 'இந்த வருடத்தில் நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் தயாரித்து விற்றிருக்க வாய்ப்பில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன். இந்த முறை பதிலே வரவில்லை.

இதற்கிடையில் என் கணவர் அந்தக் கிரைண்டரைச் சும்மா விடவில்லை. ஓடாத மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியாது. ஆதாரத்தைக் கெடுக்காதீர்கள் என்று கத்தினேன். "அதான் வீடியோ எடுத்தாச்சே" என்றார். மாவைச் சுரண்டி, பெல்ட் மாற்றி, புதுக் கால் வைத்து ஓட்டினார். "மோட்டாரப் பாரு. இப்ப எவன் இந்த மாதிரி செம்புக் கம்பில காயில் சுத்தறான்!" என்று மூன்று தடவை சொன்னார். எதிராளியின் கிரைண்டரை என் வீட்டுக்காரரே புகழ்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாவின் குரல்.

"ஏனுங்க, கிரைண்டர் ரிப்பேர் பண்றவிங்களா?"

"கிரைண்டர் விக்கறவங்கங்க. நீங்க எங்கிருந்துங்க பேசறீங்க?"

"பெருந்துறைங்க. பையன் எங்க கிரைண்டர ரிப்பேருக்குக் குடுத்துப்போட்டு வந்தானுங்க. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னே சொல்லிட்டிருக்கறான். அதான் ஊட்டுல இருக்கற புதுக் கிரைண்டர் அடியில பாத்தேன், உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. அங்கதான் குடுத்திருப்பான்னு போட்டேனுங்க. எங்களுது ரெடியாயிருச்சுங்களா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கணவரைக் கூப்பிட்டேன்.

"எந்தக் கிரைண்டருங்கம்மா?"

"பச்சைக் கலருங்க. எந்தம்பி வெச்ச சீருங்க, பேரு வெட்டியிருக்கும். அடுத்த வாரம் அவன் ஊட்டுக்கு வாரானுங்க. வந்ததும் சமையக்கட்டுக்குள்ள போய் அது இருக்குதான்னுதான் பாப்பான். காணோம்னா நான் என்னங்க சொல்றது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'உங்கள் பையன் எங்களை ஏமாற்றிவிட்டான்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பதில் வேறொன்று வெளியே வந்தது.

"உங்க கிரைண்டர் ரெடிங்கம்மா. புதுப் பெல்ட்டு, புதுக் காலு எல்லாம் போட்டாச்சு. ரிப்பேர் முடியற வரைக்கும் ஓட்டிக்கறதுக்குத்தான் அந்தப் புதுசக் குடுத்திருந்தோமுங்க. அதக் கொண்டாந்து குடுத்துட்டு உங்களுத வாங்கிக்குங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க. கனமா இருக்கும்."

"அதான பாத்தேன்! புதுசு வாங்கிட்டேன்னு எங்கிட்டப் பெருமை பீத்திக்கிட்டான்" என்றார் அந்த அம்மா.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் பயமும் சரிபாதியாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ்ஸில் சிங்காநல்லூர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். முன்னால் அந்த அம்மா, கையில் ஒரு மஞ்சப்பையோடு. பின்னால் மகன், எங்கள் கிரைண்டரைத் தோளில் சுமந்துகொண்டு. முப்பது வயதிருக்கும். நல்ல சட்டை, அதற்குள் நனைந்த பனியன். என் கண்ணைப் பார்க்கவே இல்லை. என் கணவர் செல்போனோடு வாசலில் நின்றார்.

"எதுக்குங்க படம் புடிக்கறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கம்பெனி ரூல்ஸுங்க" என்றேன்.

அந்த அம்மா நேராகப் பச்சைக் கிரைண்டரிடம் போனார். பேர் வெட்டியிருக்கிறதா என்று முந்தானையால் துடைத்துப் பார்த்தார். சுவிட்சைப் போடச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார். "இந்தச் சத்தந்தான்" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, ரிப்பேருக்கு எவ்வளவு என்று கேட்டார்.

"அதெல்லாம் உங்க பையன் பாத்துக்கிட்டாருங்க."

அந்த அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் பெருமை. "இவன் இப்படித்தானுங்க. என்ன செஞ்சாலும் வெளிய சொல்லவே மாட்டான்."

"ஆமாங்க. பாத்தாலே தெரியுதுங்க" என்றேன்.

அந்த அம்மா என் கணவரிடம் பெல்ட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, மகன் ஷெட்டின் ஓரத்தில் என்னிடம் வந்தான்.

"அக்கா, அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க. பிரெண்டு ஒருத்தன் சொன்னானுங்க, பழச அனுப்பிட்டுப் பணத்த வாங்கிக்கலாம், ரிட்டர்ன் வந்தா யாரும் பிரிச்சே பாக்க மாட்டாங்கன்னு."

"நாங்க வீடியோ எடுத்தே பாப்போம் தம்பி. சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒத்த ஸ்டாரு இருக்குது பாருங்க, கல்லே சுத்தலைன்னு..."

அங்கேயே போனை எடுத்தான். என் முன்னால் நின்று திருத்தி எழுதினான். 'கல் நன்றாகச் சுற்றுகிறது. நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்.' ஐந்து நட்சத்திரம். நான் கேட்டது ஒற்றையை எடுக்கத்தான். ஐந்தை அவனாகவே போட்டான். அவன் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அப்போது கரைந்தது. மீதி, அவன் பச்சைக் கிரைண்டரைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறியதைப் பார்த்தபோது போயிற்று. மஞ்சப்பையில் எங்களுக்கு அரைக்கிலோ குண்டு மஞ்சளும் நிலக்கடலையும் இருந்தன.

மறுநாள், மூன்று வாரமாக வாயைத் திறக்காத விற்பனையாளர் பாதுகாப்பு வாயைத் திறந்தது. எங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. முழு ஈட்டுத்தொகையும் வரும். என் கணவர் கொஞ்சம் ஆசையோடு என்னைப் பார்த்தார். பொய் சொல்வானேன், நானும் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் எங்கள் கிரைண்டர் ஷெட்டில் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. உதவி மையத்துக்குப் போன் போட்டேன். அதே பையன்.

"எங்க பொருள் வந்துருச்சுங்க. அந்தப் பணம் வேண்டாமுங்க."

வெகுநேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "மேடம், ஏற்கப்பட்ட கோரிக்கையை விற்பனையாளரே வேண்டாம் என்று சொல்வதற்கு இங்கே பிரிவு இல்லை."

"நாலு கட்டத்துல எதையாவது தொடுங்களேன்."

"எதுவும் பொருந்தவில்லை மேடம்."

மேலதிகாரியைக் கேட்டான், அவர் இன்னொருவரைக் கேட்டார். பணத்தை வேண்டாம் என்று சொல்லி முடிக்க, கேட்டு வாங்கியதை விட நான்கு போன் அதிகமாயிற்று. கடைசிப் போனில், கோரிக்கை ரத்தாகிவிட்டது என்று அதே பையன் தெரிவித்தான். நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"ஏனுங்க மேடம், ஒரு நிமிஷம்" என்றான். பாடப்புத்தகம் போன இடம் தெரியவில்லை. "நமக்கும் ஊரு கோபிதானுங்க. எங்க அம்மா கிரைண்டர் வேணும்னு கேட்டுட்டே இருக்கறாங்க. ஊட்டுல நாலு பேருங்க. எது வாங்கட்டும்?"

"ரெண்டு லிட்டர் போதும் கண்ணு" என்றேன்.