கர்ச்சீப் போட்ட சீட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டும்

போன வாரம் என் வீட்டுக்காரரோடு பெரிய சண்டை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் இப்போது புருவத்தைத் தூக்குவீர்கள், தெரியும். பாஸ்கர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, அப்புறம் யாரோடு சண்டை? போட்டோவோடுதான். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "அப்படி என்னத்தை என்கிட்ட மறைச்சீங்க?" என்று கத்தினேன். அவர் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை. இருந்தபோதும் அப்படித்தான்... நான் ஆரம்பித்தால் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார்.

சண்டைக்குக் காரணம் ஒரு பாஸ்வேர்டு.

அவருடைய போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் என் போனுக்குச் சார்ஜர் சொருகும்போது பக்கத்தில் அதையும் சொருகுவேன், அவ்வளவுதான். அந்தப் போனில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. உங்கள் கணக்கு ரொம்ப நாளாகப் பயன்படுத்தப்படவில்லை, மாதக் கடைசிக்குள் உள்ளே வராவிட்டால் அதில் இருக்கும் படங்கள் எல்லாம் அழிக்கப்படும் என்று.

எனக்குப் பக்கென்றது. அதில்தான் எங்கள் பழைய போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. முடிச்சூரில் இருந்தபோது பாஸ்கர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து பழைய ஆல்பங்களை ஸ்கேன் பண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். "வேலையத்த வேலை" என்று நான் கிண்டல் பண்ணினேன். அப்புறம் அந்த மழை வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தால், ஆல்பங்கள் எல்லாம் ஊறிப்போய் கூழாக இருந்தன. அதற்கப்புறம்தான் பீர்க்கன்கரணைக்கு வந்தோம், இரண்டாவது மாடி பார்த்து. மீசை அரும்பின காலத்து பாஸ்கர் இப்போது உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தக் கணக்குக்குள் மட்டும்தான்.

கணக்குக்குப் பாஸ்வேர்டு வேண்டும். மறந்துவிட்டது என்று சொல்லி மாற்றலாம் என்றால், அவருடைய பழைய நம்பருக்கு ஓடிபி போகிறது. அந்த நம்பரை நாங்கள் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு, அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. மிச்சம் இருந்தது ஒரே வழி... பாஸ்வேர்டு மேனேஜர்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வீட்டில் இருக்கிற எல்லாச் சாவியையும் ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு சாவி வைத்துக்கொள்கிற மாதிரி ஓர் ஆப். அந்த ஒரு சாவிக்குப் பெயர் மாஸ்டர் பாஸ்வேர்டு. ரிடையர் ஆன கையோடு பாஸ்கர் இதைப் போட்டுக்கொண்டார். கரண்டு பில், கேஸ், பென்ஷன், எல்லாம் உள்ளே. தினமும் விரலை வைத்துத் திறந்துவிடுவார்.

அந்த விரலுக்கு நான் இப்போது எங்கே போக?

ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. மாஸ்டர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்! போட்ட அன்றைக்கே காபி டம்ளரோடு வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார். "கர்ச்சீப் போட்டு வைங்க. இதான் பாஸ்வேர்டு. சாகிறவரைக்கும் மாத்த மாட்டேன்." கேட்டுவிட்டு நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் நம்புவீர்களா? பட்டேன்.

அது என்ன கர்ச்சீப்?

எங்கள் காலத்துத் தாம்பரம்வாசிகளைக் கேளுங்கள். அப்போது மீட்டர் கேஜ் ரயில்தான். பீச்சுக்குப் போகிற வண்டி தாம்பரத்தில்தான் புறப்படும், அதனால் தாம்பரத்துக்காரர்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவர்கள். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை வீசுவோம். கர்ச்சீப் விழுந்த சீட்டில் எப்பேர்ப்பட்டவனும் உட்கார மாட்டான். யாருடையது என்று கூடக் கேட்க மாட்டான். ஓடிபி இல்லை, கைரேகை இல்லை... ஒரு சாண் துணி. அதற்கு அவ்வளவு மரியாதை!

நான் பாரிமுனையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் எழும்பூரில் வேலை. ஏறுவது சானடோரியத்தில், அதாவது அடுத்த ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் என்றாலும் அதற்குள் வண்டி நிரம்பிவிடும். பாவம், தினமும் என் சீட்டுக்கு எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து சீட்டில் என் இன்னொரு கர்ச்சீப்பைப் போட்டு வைத்தேன். நீல பார்டர் போட்டது. சானடோரியத்தில் ஏறியவரிடம் கர்ச்சீப்பை எடுத்துவிட்டு, "உட்காருங்க" என்றேன். அவ்வளவுதான்... என் தலையெழுத்தை நானே துணி போட்டுப் பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது சானடோரியத்தில் அவர் முதலில் இறங்குவார். இறங்கிவிட்டு ஜன்னல் பக்கமாக வந்து, "நாளைக்கும் கர்ச்சீப் போட்டு வைங்க" என்பார். அதற்கு நான் தினமும் ஒரே பதில்தான் சொல்வேன். அது இருக்கட்டும்.

கல்யாணமானதும் 'ங்க' போய்விட்டது. 'வா' 'போ' 'சட்டை எங்க வச்சே' என்றாகிவிட்டது. நானும்தான், பேருக்கு 'வாங்க போங்க' சொன்னாலும் திட்டும்போது மரியாதை எல்லாம் பார்த்ததில்லை. ஆனால் பாஸ்வேர்டில் மட்டும் அந்த 'ங்க'வைப் பத்திரமாக வைத்திருந்தார் மனுஷன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆப்பைத் திறந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் இங்கிலீஷ் எழுத்துகளில் தட்டினேன்.

தவறான பாஸ்வேர்டு.

மறுபடி தட்டினேன். தவறு. நாவலூரில் இருக்கும் மகள் தாரிணிக்குப் போன் போட்டேன். அவள் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவள், இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "கர்ச்சீப்புக்கு அப்பா என்ன ஸ்பெல்லிங் போட்டிருப்பாரோம்மா" என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் தட்டத் தட்ட, கடைசியில் ஆப்புக்கே அலுத்துப்போய் கொஞ்ச நேரம் கழித்து வா என்று சொல்லிவிட்டது.

அப்போதுதான் தாரிணி அந்த வார்த்தையைச் சொன்னாள். ரொம்பச் சாதாரணமாக.

"அப்பா மாத்தியிருப்பாரும்மா."

மாற்றியிருப்பாரா? மாற்ற மாட்டேன் என்று காதில் சொன்ன மனுஷன், மாற்றிவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்தாரா? அப்படியென்றால் ஏன்? கடைசி மாதங்களில் நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைத்தாரே... அது கண்ணாடி போடாமல் படிக்கிறேன் என்று நான் திட்டுவேனே என்பதற்காகத்தான் என்று நினைத்தேனே... வேறு ஏதாவதா?

சிரிக்காதீர்கள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இந்த வயசில் இப்படி ஒரு சந்தேகமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. போட்டோ போனாலும் தாங்கிக்கொள்வேன் போலிருந்தது. நான் இல்லாத ஒரு பாஸ்வேர்டை அவர் வைத்திருந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் போட்டோவோடு சண்டை. அன்றைக்கு விளக்கு கூட ஏற்றவில்லை.

மறுநாள் காலையில் மீன்காரச் செல்வி வந்தாள். கோவளத்திலிருந்து கூடையோடு வருகிறவள். எங்கள் வீட்டுக்குப் பல வருஷப் பழக்கம்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"ஒண்ணும் இல்லை. என்ன மீன் இருக்கு?"

"நெத்திலி கீது, சங்கரா கீது. சார் இருந்தாருன்னா நான் கேளம்பாக்கம் தாண்டும்போதே மெசேஜ் வந்துரும்க்கா. 'செல்வி, நெத்திலி கீதா'ன்னு என்னை மாரியே எழுதி அனுப்புவாரு." கூடையை இறக்கிவிட்டுப் போனை எடுத்தாள். "நான் ஒண்ணு கூட அழிக்கலக்கா. மொதல்ல இங்கிலீஷ் எழுத்துல போட்டுகினு இருந்தாரு. சார், எனக்கு அது படிக்க வராது, பேஜாரா கீதுன்னேன். அடுத்த தபாவுலருந்து எல்லாம் தமிழ் எழுத்துதான். இதோ பாரு."

பார்த்தேன். 'செல்வி, சங்கரா கீதா?' 'செல்வி, இன்னிக்கு வராதே, அக்காவுக்கு விரதம்.' 'செல்வி, அக்கா கோவமா கீது, வஞ்சிரம் எடுத்துகினு வா.'

பாவி மனுஷன். அந்த வஞ்சிரம் எல்லாம் அதற்குத்தானா! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி படிக்கும்போதுதான் மூளையில் ஏதோ தட்டியது.

தமிழ் எழுத்து.

பாஸ்கருக்குத் தமிழ் டைப்பிங் தெரியாது. அவர் எழுதுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்கென்று, ரிடையர் ஆவதற்கு முன்பே, வெளியிலிருந்து ஒரு கீபோர்டு இறக்கி வைத்திருந்தார். கட்டைவிரல் இங்கிலீஷ் எழுத்துகளைத் தட்டும். மேலே திரையில் தமிழில் வந்து விழும். அதற்கப்புறம் அவர் போனில் எதை எழுதினாலும் அதில்தான். அப்படியென்றால் பாஸ்வேர்டையும்...?

அந்தக் கீபோர்டு எங்கே?

ஞாபகம் வந்தது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு, தாரிணி அப்பாவின் போனைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். "அம்மா, இந்தத் தேர்ட் பார்ட்டி கீபோர்டெல்லாம் டேஞ்சர். நாம அடிக்கிறது அத்தனையையும் அது பார்க்கும். எங்க அனுப்புதுன்னே தெரியாது" என்று எடுத்துவிட்டாள். நான் பேசுவது அத்தனையும் எதிர் பிளாட் வரைக்கும் கேட்கிறது, கீபோர்டு பார்த்தால் என்ன கெட்டுப்போச்சு என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

செல்வியை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு ஓடினேன். ஆப் ஸ்டோரில் முன்பு இறக்கியவை என்கிற இடத்தில் அது இருந்தது. பச்சைக் கலர் படம். போட்டேன். மேனேஜரைத் திறந்து, என்ன விழுகிறது என்று தெரிவதற்காக அந்தக் கண் படத்தையும் தட்டிவிட்டு, அதே எழுத்துகளை, அதே வரிசையில் மறுபடி தட்டினேன். திரையில் தமிழில் விழுந்தது.

கர்ச்சீப் போட்டு வைங்க.

திறந்துகொண்டது.

"ஐயோ, மாத்தலை! மாத்தவே இல்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் செல்வி கத்தியோடு உள்ளே வந்துவிட்டாள். "இன்னாக்கா ஆச்சு?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நெத்திலி வாசனையோடு அவளும் சேர்ந்து அழுதாள், எதற்கென்று தெரியாமலே.

போட்டோக்கள் எல்லாம் இருந்தன. ரயில் சிநேகிதர்கள் கூட்டமாக எடுத்துக்கொண்ட படம் ஒன்று. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், பாஸ்கர் மட்டும் என் கையில் இருக்கிற கர்ச்சீப்பைப் பார்க்கிறார். அசடு வழிகிறது முகத்தில்.

ஒரே ஒரு வருத்தம். முன்பெல்லாம் அவர் 'வ' என்று ஆரம்பித்தாலே அந்தக் கீபோர்டு 'வஞ்சிரம்' என்று தானே எடுத்துக் கொடுக்கும். அவ்வளவு பழகியிருந்தது அவரோடு. எடுத்துவிட்டு மறுபடி போட்டதில் அந்தப் பழக்கம் எல்லாம் போய்விட்டது. இப்போது 'வ' என்று தட்டினால், யாரோ புது மனுஷர் மாதிரி 'வணக்கம்' என்கிறது.

தாரிணிக்குச் சொன்னேன். "சாரிம்மா... அப்பா மாத்தலை. நான்தான் கீபோர்டை மாத்திட்டேன்" என்றாள். "விடுடி, நீ நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றேன். சாயங்காலம் நேரில் வந்து, அந்தப் படங்களை எல்லாம் மூன்று இடத்தில் காப்பி பண்ணி வைத்தாள். போட்டோவுக்கு நான் புது மாலை வாங்கிப் போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நாங்கள் எப்போதும் அப்படித்தான், சண்டை முடிந்தால் காபி கொடுப்பேன், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்க்கிறேன். தேர்ட் பார்ட்டி ஆபத்து என்கிறார்கள். இருக்கலாம், தாரிணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள். ஆனால் எங்கள் இரண்டு பேர் ரகசியத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்திருந்தது அந்த மூன்றாம் ஆசாமிக்கு மட்டும்தானே?

கிளம்பும்போது தாரிணி வாசலில் நின்று, "அம்மா, செல்வியக்கா வரைக்கும் தெரிஞ்சு போச்சு. நீ எப்படியும் பத்திரிகையில வேற எழுதிடுவே. மொதல்ல மாஸ்டர் பாஸ்வேர்டை மாத்து" என்றாள். என் மகள் என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

மாற்றிவிட்டேன். சானடோரியம் ஜன்னலில் அவருக்குத் தினமும் நான் சொன்ன பதில்தான் இப்போது பாஸ்வேர்டு... அதை மட்டும் உங்களிடம் சொல்ல மாட்டேன்!