சாய்ராம் டாக்டருக்குப் படிக்கிறான்

கண்மணியின் காரில் எப்போதும் ஒரு தலையணை கிடக்கும். அமெரிக்காவில், இந்த ஃபிரிஸ்கோ ஊரில் பதினோரு வருஷமாக அவள் எனக்கு எதிர்வீடு. அந்தத் தலையணை இல்லாமல் அவள் வண்டியை நான் பார்த்ததில்லை. மகள் யாமினியை நீச்சலுக்கு, பரதத்துக்கு, சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாலண்டியர் வேலைக்கு என்று கொண்டுபோய் விட்டுவிட்டு, பார்க்கிங்கிலேயே சாய்ந்து கண்ணயர்வாள். கோபிசெட்டிபாளையத்துக்காரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். "புள்ள டாக்டர் ஆகட்டுங்க்கா, அப்புறம் கட்டில்ல படுத்துத் தூங்கிக்கறேன்" என்பாள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் எந்தக் காலேஜுக்கு அப்ளை பண்ணியிருக்கிறார்கள் என்று யாரும் மூச்சு விட மாட்டோம். கண் பட்டுவிடுமாம். அனுமார் கோயிலில் ஒரே வரிசையில் நின்று ஒரே காலேஜுக்காக வேண்டிக்கொள்வோம். பிரசாதம் வாங்கும்போது வெயிலைப் பற்றித்தான் பேசுவோம். எல்லோரும் படித்தவர்கள். அசட்டுத்தனத்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நானும் அப்படித்தான். என் மகன் சாய்ராமுக்கு எட்டு வருஷப் படிப்பில் இடம் கிடைத்தது. நாலு வருஷம் காலேஜ், பிறகு அங்கேயே மெடிக்கல் ஸ்கூலில் நாலு வருஷம். பதினெட்டு வயதிலேயே டாக்டர் சீட் கையில். அவன் சேர்ந்த பிறகுதான் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்துச் சொன்னேன். மார்க் ஒரு அளவுக்குக் கீழே போனால் சீட் ரத்து என்பதும் சீட் கொடுத்த கடிதத்திலேயே இருந்தது. நான்தான் லட்டு பிடிக்கிற அவசரத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரியில் விழுந்தான். சீட் போயிற்று. அதற்கு யாரும் லட்டு கொடுப்பதில்லையே, அதனால் யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். சாய்ராம் மூன்று மணி நேரம் தள்ளி ரவுண்ட் ராக் என்ற ஊரில் நண்பர்களோடு தங்கி வேறு ஏதோ படிக்கிறான். வீட்டுக்கு வந்தால் கார் நேரே கராஜுக்குள் போகும். கதவு முழுக்க மூடிய பிறகுதான் வெளியே வருவான். கேட்பவர்களிடமெல்லாம் "சாய்ராம் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஏப்ரல் முப்பதாம் தேதி சாயங்காலம் கண்மணி ஒரு டப்பா நிறைய ஒப்புட்டோடு வந்தாள்; போளிக்கு அவள் ஊரில் அதுதான் பெயர். பின்னால் யாமினி.

"இப்பத்தானுங்க்கா வாயத் தொறக்கறேன். ரெண்டு எடத்துல கெடச்சிருக்குது. ஒண்ணு ஸ்டேட் யூனிவர்சிட்டி. படிச்சு முடிச்சு, பரீட்சை எழுதி, அப்புறம் மெடிக்கலுக்குத் தனியா அப்ளை பண்ணோணும். இன்னொண்ணு நம்ம சாய்ராம் போன அதே எட்டு வருஷம். நாளைக்குள்ள சொல்லியாகோணும். அவங்கப்பா யோசிக்கறாரு. சாய்ராமே அங்க படிக்கறப்ப இன்னும் என்ன யோசனைன்னு நான் சொல்லிப்போட்டேன். வீட்டுக்குப் போனதும் அக்செப்ட் பண்ணிடறோம்."

"உனக்கு எது வேணும் யாமினி?"

"ஐ டோன்ட் நோ, ஆன்ட்டி. ஐ'ம் ஜஸ்ட் டயர்ட்."

பதினேழு வயசு. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சீட் போய் சாய்ராம் பெட்டியோடு வந்து நின்ற அன்று அவன் முகமும் இப்படித்தான் இருந்தது. சோபாவில் இருந்த என் கணவர் ராமசுப்ரமணியன் வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தார். ஒரு கணம் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒப்புட்டை வாங்கிக்கொண்டு கங்கிராட்ஸ் சொன்னால் முடிந்தது.

"கண்மணி, சாய்ராம் அங்க இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. மார்க் கொறஞ்சுது, சீட்டை எடுத்துட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். 'நீயும்தானே கடைசி நாள்வரைக்கும் மூடி வெச்சே' என்று திருப்பிக் கொடுக்கத் தயாராகவும் இருந்தேன். வெட்கங்கெட்டவள்தான் நான், என்ன செய்ய.

கண்மணி டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"சாய்ராம் இப்ப நல்லா இருக்கானுங்களாக்கா? சரியாச் சாப்பிடறானா?"

இரண்டு வருஷத்தில் இதை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. நான் கேட்க விட்டால்தானே! அவள் தோளில் சாய்ந்து அழுதேன். ராமசுப்ரமணியன் எழுந்து சமையலறைக்குப் போனார், காபி போடுகிற சாக்கில்.

யாமினி தனக்கு வந்த எட்டு வருஷச் சீட் கடிதத்தைத் தன் ஃபோனில் திறந்து, மார்க் நிபந்தனை உட்பட முதலிலிருந்து முழுதாகப் படித்தாள். பிறகு, "அம்மா, ஸ்டேட்" என்றாள். அவ்வளவுதான்.

"இன்னொரு அஞ்சாறு வருஷம் தலகாணி கார்லயே கெடக்கட்டுங்க்கா" என்றாள் கண்மணி. சிரிக்கப் பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாய்ராம் வருவதாகச் சொன்னான். கராஜ் கதவைத் திறக்க மாட்டேன், வெளியே டிரைவ்வேயிலேயே நிறுத்து என்றேன். நிறுத்தினான். எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.