மூச்சை எண்ணியவள்

எங்கள் முதியோர் இல்லத்தில் அவளை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவர் இரண்டாம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் கணக்கு வாத்தியார். யார் மணி அடித்தாலும் அவள் ஓட மாட்டாள். நடந்துதான் வருவாள், ஆனால் ஓடி வருகிறவர்களுக்கு முன்னால் வந்து நிற்பாள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டுவதற்கு முன், எந்தப் பக்கம், எந்தக் கை முதலில் என்று காதருகே சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அவள் புரட்டிய உடம்பில் புண் வந்து நான் பார்த்ததில்லை. வேலைப் பட்டியல் போடுகிறவள் நான். இருபது வருடமாக அவள் பெயர் இரண்டாம் மாடிக்கு நேராகத்தான் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது. பத்துப் பேரை ஒரே வீட்டில் வைத்துப் போட்டி நடத்தும் டிவி நிகழ்ச்சிக்கு, உழைக்கும் மக்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. அவர் விளையாட்டாக அவள் பெயரில் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். கூப்பிட்டார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். "மூணு மாசம் நிம்மதியா டிவி பாக்கலாம்னு நெனச்சேன். டிவியத் தொறந்தா அங்கயும் அவதான் நிக்கறா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாரத்தோடு அந்தச் சிரிப்பு நின்றது.

அந்த வாரம் கயிற்றைப் பிடித்து ஏறும் போட்டி. போட்டியாளர்களிலேயே வயதானவர், தபால்காரராக இருந்தவர், வழுக்கி விழுந்தார். மற்றவர்கள் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார்கள். "யாரும் தொடாதீங்க" என்றாள் அவள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். டிவியில் அந்த இடத்தில் ஒரு கொடூரமான இசை. அதற்கு அடுத்து, வேறு ஏதோ ஒரு நாளில் அவள் "சாப்பாட்டு நேரம் ஆச்சே" என்று சொன்னதை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கு அது பார்த்த மாத்திரத்தில் புரியும். விழுந்தவரை உடனே தூக்கக் கூடாது. கழுத்தோ இடுப்போ உடைந்திருந்தால், தூக்குகிற கை அதை இன்னும் கெடுத்துவிடும். முதலில் மூச்சு. நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கடிகாரம் இல்லாமல் அதை எப்படிச் செய்வது? ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பயிற்சி வகுப்பில் படித்தவர்கள் இல்லையே. கிழவர் தரையில் கிடக்கிறார், இவள் மணி பார்க்கிறாள் என்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. 'கடிகாரக்காரி' என்று பெயர் வைத்தார்கள். அந்த வாரமே வாக்குப் போட்டு வெளியே அனுப்பினார்கள். தபால்காரருக்குச் சதைப்பிடிப்புதான், மூன்றாம் நாள் ஆடிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவளுக்கு எதுவும் தெரியாது. வாசலில் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். திறந்ததும் அது அதிரத் தொடங்கியது. நிற்கவே இல்லை. கையில் ஏதோ உயிருள்ளதைப் பிடித்த மாதிரி இருந்தது என்றாள். வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார், சார்ஜ் தீரும்வரை அவள் மடியில் அது துடித்துக்கொண்டே வந்தது. வீட்டில் சார்ஜ் போட்டு முதல் பத்துச் செய்திகளைப் படித்தாள். ஒன்பது வசவு. பத்தாவது: 'நீ விழும்போது நாங்களும் மணி பார்ப்போம்.' போனைத் துணியில் சுற்றி மாவு டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

பதில் சொல்லவும் வழியில்லை. நிகழ்ச்சி முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இன்னும் ஏழு வாரம் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு வக்காலத்து வாங்க நானே உட்கார்ந்து இணையத்தில் எழுதினேன். 'இருபது வருடமாக எங்களோடு வேலை செய்கிறவள், அவள் பார்த்தது மணி இல்லை, மூச்சு' என்று தெளிவாகத்தான் எழுதினேன். ஆனால் கூடப் போட்ட என் படத்தை யோசிக்கவில்லை. சீருடையில் நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் இல்லத்தின் பெயர்ப்பலகை, தெருப் பெயரோடு. அதுவரை அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டாம் நாள் எங்கள் வாசல் கதவின் படம் சுற்ற ஆரம்பித்தது. நான்காம் நாள் அவள் வீட்டு பால்கனியின் படம். கொடியில் காய்ந்த சிவப்புத் துண்டை வட்டம் போட்டு, 'நல்ல நிறம்' என்று எழுதியிருந்தது. யாரோ எங்கள் வாசலில் நின்று, வேலை முடிந்து அவள் ஏறிய பேருந்தில் ஏறி, அவள் இறங்கிய இடத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

அவளிடம் சொன்னேன், என் படத்தால் வந்த வினை இது என்று.

"நீங்க நல்லதுக்குத்தான்க்கா செஞ்சீங்க," என்றாள். "ஆனா இனிமே எனக்காக எதுவும் எழுதாதீங்க."

அன்றோடு நானும் எழுதுவதை விட்டேன்.

அவளும் வீட்டுக்காரரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேரில் வந்து யாராவது ஏதாவது செய்தார்களா என்றார். இல்லை என்றதும், செய்தால் உடனே வரச் சொன்னார். செய்த பிறகு வர ஆள் இருக்க வேண்டுமே என்று வீட்டுக்காரர் கேட்டார். புகார் எண் ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவள் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தாள், அதைப் பார்த்து வருகிறவன் பயப்படுவான் என்பது போல.

பயம் வந்தால் உடம்பு என்ன செய்யும் என்று நோயாளிகளிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளிடமும் அதே வரிசையில் வந்தது. முதலில் தூக்கம் போனது, அப்புறம் சாப்பாடு. துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போட்டாள், வீடு முழுக்க ஈர வாடை. தினம் வேறு வேறு பேருந்து, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பது. எதிரில் ஒருவர் போனைச் சும்மா உயர்த்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அழைப்பு மணி அடித்தால் வீட்டுக்காரர் மூன்று முறை இருமிக் காட்டிய பிறகுதான் திறப்பாள். ஒரு நாள் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்து நான்கு முறை இருமிவிட்டார், கால் மணி நேரம் வெளியே நின்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி இல்லத்து அலமாரியில் பூட்டினாள்.

மேலாளர் அவளைக் கீழே சலவை அறைக்கு அனுப்பினார், வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. அதுகூடப் பரவாயில்லை. ஆனால் கணக்கு வாத்தியாரின் மகன் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்: அந்தப் பெண் என் அப்பாவைத் தொடக் கூடாது, இங்கே வேலையில் இருக்கவும் கூடாது, இல்லையென்றால் அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் எழுதின. மாதக் கடைசிவரை பார்ப்பேன், புகார்கள் நிற்காவிட்டால் அனுப்பத்தான் வேண்டும் என்றார் மேலாளர். வாத்தியாரை யாரும் கேட்கவில்லை. அவர் தினமும் என்னிடம், நிதானம் எங்கே, புதுசா வர்ற பொண்ணு என்னை மூட்டை மாதிரி புரட்டுது என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உண்மையான பயம் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மேலே ஏதோ மணி அடித்தது. சலவை அறையிலிருந்து அவள் ஓடி வந்தாள். ஈரத் தரையில் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஏன் ஓடினாய் என்று கேட்டேன்.

"சும்மா நிக்கறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்லக்கா," என்றாள்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் ஆட்கள் பார்க்கிறார்களே என்று ஓடிப்போய்த் தூக்குகிறவளாக அவள் மாறிவிட்டால், மாடியில் வைத்துக்கொள்ள நானே பெயர் எழுத மாட்டேன்.

மாதக் கடைசி ஞாயிறு. பார்வையாளர் நேரம், மாலை நான்கு மணி. கீழ்க் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். வாத்தியாரைக் கீழே கூட்டி வந்து, நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடிக்க வைத்து மகன் நடக்கவிட்டார். தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று போனில் வீடியோ படம் எடுத்துக்கொண்டே பின்னால் நடந்தார். சட்டத்தின் கால் தரைவிரிப்பின் ஓரத்தில் மாட்டியது. வாத்தியார் இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதே நேரம் பின்கதவைத் தள்ளிக்கொண்டு துவைத்த விரிப்பு வண்டியோடு அவள் உள்ளே வந்தாள்.

இரண்டு பேர் வாத்தியாரின் கக்கத்தில் கை கொடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல், "இது அந்தக் கடிகாரக்காரிதானே?" என்றது. உடனே இரண்டு போன்கள் உயர்ந்தன, வாத்தியாரை நோக்கி இல்லை, அவளை நோக்கி. அவள் கை வண்டியின் பிடியில் இருந்தது. நான் கூடத்தின் மறுகோடியில் இருந்தேன். ஓடிவிடுவாள், பின்கதவு வழியாகவோ வாத்தியாரை நோக்கியோ, எதுவானாலும் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் நடந்தாள்.

"கைய எடுங்க. யாரும் தூக்காதீங்க."

டிவியில் சொன்ன அதே தொனி. தூக்க வந்தவர்கள் கையை எடுத்தார்கள். அவள் மண்டியிட்டு, வாத்தியாரின் காதருகே, தலையை அசைக்க வேண்டாம், நான்தான் என்றாள். இடது மணிக்கட்டைத் திருப்பினாள். அங்கே கடிகாரம் இருந்த இடத்தில் வெளுத்த ஒரு பட்டைதான் இருந்தது. ஒரு நொடி அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அவர் போனைப் பிடித்தபடியே உறைந்து நின்றார்.

"சார், படம் இன்னும் ஓடுதா?"

"ஆங்... ஓடுது."

"நிறுத்தாதீங்க. அதுல நேரம் ஓடும் பாருங்க. இப்ப எவ்வளவு?"

"ஒண்ணு... பன்னெண்டு."

"ஒண்ணு நாப்பத்திரெண்டு ஆனதும் சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் பேசாதீங்க."

அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று நோயாளி பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுப் போர்வையோடு போனேன். இடது கால் வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தது. இடுப்பெலும்பு. அவளும் அதைப் பார்த்துவிட்டாள், ஆனால் கண் உடனே நெஞ்சுக்குத் திரும்பியது. உதடு மட்டும் அசைந்தது.

"நாப்பத்திரெண்டு," என்றார் மகன்.

"பதினொண்ணு," என்றாள் அவள். "ஐயா, உங்க மூச்சு நிமிஷத்துக்கு இருபத்திரெண்டு. வலியில கொஞ்சம் வேகமா இருக்கு, அவ்வளவுதான்."

வாத்தியார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ரெண்டால பெருக்கினியா?"

"பெருக்கிட்டேங்கய்யா."

"அப்ப சரி."

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் காலுக்கு இருபுறமும் விரிப்புகளைச் சுருட்டி அணை கொடுத்து, நேரத்தையும் மூச்சையும் சலவைச் சீட்டின் பின்னால் எழுதினாள். ஆம்புலன்ஸ்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, யாரும் தூக்கவில்லையே என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டினார்.

அவளும் நானும் கூடப் போனோம். இடுப்பு உடைந்திருந்தது, ஆனால் அதற்கு மேல் கெடவில்லை. மறுநாள் அறுவை சிகிச்சை என்றார்கள். மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது மகன் போனைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். கூடத்தில் வேறு யாரோ எடுத்த ஒரு படம் அதற்குள் வெளியாகியிருந்தது. 'கடிகாரக்காரி மறுபடியும், இந்த முறை கடிகாரம் இல்லாமலே வேடிக்கை.' கீழே பழையபடி வசவுகள்.

"என்கிட்ட முழுசா இருக்கும்மா. நீங்க எண்ணினது, அப்பா பேசினது எல்லாம். இப்பவே போட்டுடறேன். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

அவர் எடுத்த படம் வெளியே போனால் அவளுக்குத் தூக்கம் வரலாம், பால்கனியில் துணி காயலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வேண்டாம் சார். அழிச்சிடுங்க."

"ஏம்மா?"

"ஐயா அதுல வேட்டிய நனைச்சுக்கிட்டு கிடக்கறாரு. அத்தன வருஷம் பிள்ளைங்க முன்னால சட்டை கசங்காம நின்னவரு. ஊரு பாக்கறதுக்கா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு நான் எழுதிக் கொடுத்தது..." என்று ஆரம்பித்தார். ஐயாவின் துணிப்பையைக் கொண்டு வந்தீர்களா என்று அவள் கேட்டாள். அவர் பையை எடுக்கப் போனார்.

திங்கட்கிழமை அவர் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார். மற்ற இரண்டு குடும்பங்களில் ஒன்று அடங்கியது, இன்னொன்று இல்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பட்டியலை நீங்களே பார்த்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். இரண்டாம் மாடிக்கு நேராக அவள் பெயரை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். கடிகாரத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டினாள், முகப்பு மணிக்கட்டின் உள்பக்கம் வரும்படி. எண்ணும்போது பார்க்கலாம், பார்ப்பது வெளியே தெரியாது. அன்று ஐந்து மணிகள் அடித்தன. ஐந்துக்கும் நடந்துதான் போனாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது கதவருகே நின்றாள்.

"அக்கா, வெளிய யாராவது நிக்கறாங்களான்னு கொஞ்சம் பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் ஒருவன் போனைப் பார்த்தபடி நின்றான். அவனுடைய பேருந்து வந்தது, ஏறிப் போனான். இன்னும் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, போகலாம் என்றேன்.