ஐந்து ஏழு பஸ்ஸில் போகிறவர்கள்

என் மனைவி வேலைக்குப் போகிற பஸ் காலை ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு எங்கள் குடியிருப்புக்கு முன்னால் வரும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு ஐந்தே முக்காலுக்கு வேலை. போன ஓகஸ்டில் பஸ் தரிப்பிடத்தில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. பயணிகள் போதாதபடியால் டிசம்பரிலிருந்து அந்தப் பஸ் ஓடாது, அடுத்தது ஆறு ஏழுக்குத்தான் என்று அதில் இருந்தது.

றெயில் நிலையத்துக்கு நடந்து போய் றெயில் எடுக்கலாம். நான் நடந்து பார்த்தேன். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்துக் காலடி. ஐஸ் காலத்தில், இடுப்பு நோவோடு, அறுபத்தைந்து வயதுப் பெண் அதை எப்படி நடப்பாள்? அவளுக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. இந்த வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்காது.

"நான் நடந்து போவன். நீங்கள் படுங்கோ" என்றாள். எனக்கு நித்திரை வரவில்லை.

எனக்குத் தெரிந்தது எண்ணுவதுதான். கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் ஒரு பண்டகசாலையில் இருபத்தெட்டு வருடம் சரக்கை எண்ணிப் பதிந்தவன். ஆகவே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மனைவியோடு அந்தப் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினேன். திங்கள் பத்தொன்பது பேர், செவ்வாய் இருபத்திரண்டு, புதன் இருபது. எந்தத் தரிப்பில் எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று ஆறு கிழமை எழுதினேன்.

"ஆக்கள் ஒருமாதிரிப் பாக்கினம் அப்பா. உங்களை டிக்கெட் பரிசோதிக்கிற ஆள் எண்டு நினைச்சு அந்த மனிசன் பயண அட்டையை நீட்டினவர்" என்றாள் மனைவி.

"நீர் சும்மா இரும். நான் உமக்காகத்தான் எழுதுறன்."

ஒக்டோபரில் ஒருநாள் பின்னேரம் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் என் வயதுப் பெண்மணி, மருந்தகத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். மற்றவர் தாடி வைத்த மெலிந்த மனிதர். இருவரும் கோபன்ஹேகன் யூதர்கள். அவர்களுடைய சபையில் சிலர் கூடி, நகரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வேலை, வீட்டு வாடகை, பஸ் என்று அடிபடுகிறவர்களைச் சேர்த்து, தங்களுக்காகத் தாங்களே பேசவைக்கிற வேலை செய்கிறார்களாம். பஸ் கதையைக் கேள்விப்பட்டு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள்.

"கையெழுத்துப் பத்திரம் எங்கே?" என்று டேனிஷில் கேட்டேன்.

"கொண்டு வரவில்லை. கேட்கத்தான் வந்தோம்" என்றார் பெண்மணி.

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தார்கள். அதில் அவர்கள் கேட்டது மூன்று கேள்வி. மிச்ச நேரம் முழுதும் நாங்கள்தான் கதைத்தோம். ஓய்வூதியத்துக்காகத்தான் மனைவி அந்த வேலையைப் பொறுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவளோ தனக்குத் தெரிந்த டேனிஷில் அந்தப் பெண்மணியிடம் வேறொன்று சொன்னாள். காலையில் முதல் தட்டுப் பன்னை வெதுப்பியிலிருந்து எடுப்பது தான்தான் என்றும், அந்த நேரம் அந்தச் சமையலறை தன்னுடையது போல இருக்கும் என்றும், போகச் சொன்னாலொழியத் தான் போகமாட்டேன் என்றும் சொன்னாள். என்னிடம் ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு நான் கொப்பியைக் காட்டினேன். பெண்மணி ஒரு பக்கம் விடாமல் புரட்டினார்.

"நல்ல வேலை. இவர்கள் யார்?"

"செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டு பேர்."

"அது தெரிகிறது. யார் யார்?"

நான் கொப்பியைத் திருப்பி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தாடிக்காரர் சிரித்தார். "நாங்கள் ஆட்களை எண்ணுவதில்லை. தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். வந்துவிட்டார்களா என்று பார்க்க, ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை என்று சொல்லிக்கொண்டு போவார் என் அப்பா. எண்ணினால் கண்பட்டுவிடும் என்பார்."

மனைவிக்கு நான் இதைத் தமிழில் சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தீங்களே! எங்கட ஆக்களும் உதைத்தானே சொல்லுறவை. சாப்பிடேக்கை என்ரை கோப்பையில இடியப்பத்தை எண்ணாதேங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்!"

"கண்ணூறு கிடக்கட்டும்" என்றார் பெண்மணி, நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு. "இருபத்திரண்டை வெட்டுவது அவர்களுக்குச் சுலபம். உங்கள் மனைவியை வெட்டுவது அவ்வளவு சுலபமில்லை. பஸ்ஸில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்."

பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். முதல் கிழமையில் மூன்று பேரோடுதான் கதைக்க முடிந்தது. பிறகு பழகிவிட்டது. ஒருவர் முதியோர் இல்லத்தின் கதவைத் திறப்பவர். ஒரு பெண் வெதுப்பகத்தில் வேலை. என்னைப் பரிசோதகர் என்று நினைத்த மனிதர் பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்பவர்.

அவர்தான் சொன்னார்: "ஜூலையில் ஒருவர் இரண்டு நாள் வந்து முன் சீட்டில் இருந்து எண்ணினார். விடுமுறைதானே, பஸ்ஸில் நாலு பேர்தான். நானும் அந்த இரண்டு நாள்தான் வந்தேன், மேசைகளைத் தூக்கி வைக்க."

ஆறு கிழமை எண்ணியும் இது எனக்குத் தெரியவரவில்லை.

பஸ்ஸை நிறுத்துகிறவர்களை அழைத்து ஒரு கூட்டம் வைப்போம் என்றார் அந்த யூதப் பெண்மணி. அதற்கு நாள் பார்ப்பதே பெரிய பாடு. வெள்ளி பின்னேரமும் சனியும் யூதர்களுக்கு ஓய்வுநாள், ஆகாது. ஞாயிறு கிறிஸ்தவர்களான எங்களுக்குச் சபை ஆராதனை. வெள்ளி மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் நாலு பேர். செவ்வாய் ஆறு மணிக்கு, நூலக மண்டபம் என்று முடிவாயிற்று. பஸ்களைத் தீர்மானிக்கிற குழுவிலிருந்து தலைவியும் ஓர் அதிகாரியும் வந்தார்கள். மனைவி வந்து பேசுவாளா என்று கடைசிவரை தெரியாது.

ஒவ்வொருவராக எழுந்து எங்கே போகிறோம், என்ன வேலை என்று சொன்னார்கள். மனைவியின் முறை வந்தது. அவளுடைய டேனிஷ் என்னுடையதைவிட மோசம்.

"நான் ஆஸ்பத்திரியில் பன் சுடுகிறேன். பஸ் இல்லையென்றால் நான் ஒரு மணித்தியாலம் பிந்துவேன். நோயாளிகளுக்கு நேற்றைய பன்தான் கிடைக்கும். உங்களுக்கும் ஒருநாள் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வரலாம்" என்று தலைவியைப் பார்த்துச் சொன்னாள்.

மண்டபம் சிரித்தது. தலைவியும் சிரித்தார். பள்ளிக்கூடத்து மனிதர் எழுந்து ஜூலைக் கதையைச் சொன்னதும் அவருடைய சிரிப்பு நின்றது. அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி தன் காகிதத்தைப் பார்த்து, "ஓம், ஜூலையில்தான்" என்றார். அப்போது என் கொப்பியை நீட்டினேன். தலைவி அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. பஸ் தொடர்ந்து ஓடும். ஆனால் ஐந்து பன்னிரண்டுக்கு. வேலைக்குப் பிந்திவிடுவாள் என்று நான் கவலைப்பட்டேன்.

"ஐஞ்சு நிமிசம் கூட நித்திரை கொள்ளலாம்" என்றாள் அவள்.

குளிர்காலம் முழுதும் அந்தப் பஸ் ஓடியது. மார்ச்சில் ஒருநாள் வேலையால் வந்தவள், ஓய்வூதிய வயது வந்த பிறகும் ஒரு வருடம் நிற்கச் சமையலறைப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"அப்ப இன்னும் ரெண்டு குளிர்காலம். உம்மடை இடுப்பு தாங்குமே?" என்றேன்.

"பஸ் இருக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டு, கதவடியில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினாள்.