கண் போய்விடும் என்றார்கள்

என் தங்கை வென்றவை: ஐந்து வயதில் வந்த சர்க்கரை நோயோடு நாற்பத்தேழு ஆண்டுகள். ஏறத்தாழ முப்பத்துநாலாயிரம் ஊசிகள். "வேண்டவே வேண்டாம்" என்று நான்கு மருத்துவர்கள் தடுத்தும் இரண்டு பிரசவங்கள். துணி ஆலையில் இருபத்தாறு வருட வேலை.

நான் ஆறு வயது மூத்தவன். சித்தப்பாவுக்குச் சர்க்கரையில் பார்வை போனதைக் கண்ட அப்பா, அவளைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை. "கண்ணு போகப்போற புள்ளைக்கு எழுத்து எதுக்கு?" என்றுவிட்டார்.

ஆலையில் அவள் முன்னால் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். அறுந்த இழை, எண்ணெய்ப் புள்ளி எதுவும் அவளைத் தாண்டாது. 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்த மேலாளர் அவள் நோயின் வயதைக் கேட்டதும், பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்.

"இத்தனை வருஷ சுகர்ல கண்ணு கெட்டிருக்கும்மா. கணக்கு அப்படித்தான்."

"உங்க சட்டையில மூணாவது பட்டனுக்குக் கீழ ஒரு இழை விட்டிருக்கு சார். அது உங்க கணக்குல வருதா?"

எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. "டாக்டர் சர்டிபிகேட் வேணும். இல்லாட்டி திங்கட்கிழமையிலிருந்து பொட்டலம்."

கண் மருத்துவமனைக்கு நானும் போனேன். சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பார்த்த டாக்டரம்மா, இன்னொரு டாக்டரையும் அழைத்தார்.

"ரெண்டு பேர் பாக்குற அளவுக்கு மோசமா?" என்றாள் தங்கை.

"கண்ணுக்குள்ள ஒரு சின்ன ரத்தக் கசிவுகூட இல்லம்மா. அதான் கூப்பிட்டேன். சில பேருக்கு எத்தனை வருஷமானாலும் வர்றதில்ல. உடம்புல ஏதோ காவல் இருக்கு, என்னன்னு முழுசாத் தெரியல. ஆனா வருஷா வருஷம் பரிசோதனைக்கு வந்துடணும்."

"எல்லாம் இவ கட்டுப்பாடு டாக்டர்," என்றேன் பெருமையாக.

"சும்மா இருண்ணே. ஆலையில பக்கத்து மேசைக்காரிக்கும் சுகர்தான், என்னைவிடக் கட்டுப்பாடு. அவ கண்ணு போச்சே, அது அவ தப்பா?"

ஆராய்ச்சிக்கு ரத்தம் தருவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். "எடுத்துக்கோங்க. அந்தக் காவக்காரனைப் புடிச்சு அவ மாதிரி ஆளுங்களுக்கும் குடுங்க."

சான்றிதழ் கிடைத்தது. மறுநாளே மேலாளர் மாற்றல் பேச்சைக் கைவிட்டார். அது இருக்கட்டும். அன்று மருத்துவமனையில், ரத்தம் எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிய நர்ஸ் மை டப்பாவை நீட்டினார். சம்பளத்துக்கும் ரேகை வைத்தே பழகியவள், பேனா கேட்டாள்.

"மருந்து விட்டிருக்கு, கிட்டத்துல எதுவும் தெரியாது. ரேகையே வைங்கக்கா."

"தெளியட்டும். காத்திருக்கேன்."

நான்கு மணி நேரம் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துணிச் சுருள்களில் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துகளைக் கற்றிருக்கிறாள், எனக்குக்கூடத் தெரியாது. கண் தெளிந்ததும் படிவத்தின் கோட்டிலிருந்து இம்மியும் விலகாமல் தன் பெயரை எழுதினாள். 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.